அனுமதிக்குக் காத்திருந்த ஒரு வரி

அடையாறில் ஒரு ரத்தப் பரிசோதனை மையத்தில் வரவேற்பு மேசையைப் பார்த்துக்கொள்பவள் நான். எங்கள் இணையதளத்துக்குப் புது சி.எம்.எஸ். தேர்ந்தெடுத்த கதையை நினைத்தால் இன்றைக்கும் குமட்டுகிறது. சி.எம்.எஸ். என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை; தளத்தில் எதைப் போடுவது, எதை மாற்றுவது, யார் மாற்றுவது என்பதைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள்.

எங்கள் முதலாளி எதையும் பூட்டி வைத்தே பழகியவர். ஏ.சி. ரிமோட் அவர் மேசை டிராயரில். ஜெராக்ஸ் தாள் அலமாரியின் சாவி அவர் சட்டைப் பையில். அவர் சாப்பிடப் போனால் எங்களுக்கு வேர்க்கும்.

இரண்டு கம்பெனிகள் வந்து காட்டின. முதலாவது எளிமையானது. உள்ளே நுழைந்து, வரியைத் திருத்தி, பொத்தானை அழுத்தினால் மாறிவிடும். எனக்கு அது போதும். இரண்டாவது கம்பெனிக்காரர் டை கட்டிக்கொண்டு வந்தார். "சார், ஒரு கமா மாத்தணும்னாகூட உங்க போனுக்கு வரும். நீங்க ஓகே பண்ணாதான் வெளிய போகும்" என்றார். முதலாளியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு பூரிப்பு.

"அவசரமா ஒண்ணை மாத்தணும்னா என்ன சார் பண்றது?" என்று கேட்டேன்.

"ஆளாளுக்குக் கையை வெச்சா வெளங்கிடும்மா. எனக்கு அனுப்புங்க, அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடறேன்" என்றார் முதலாளி.

தேர்வு அதோடு முடிந்தது. மிச்ச நேரமெல்லாம் முகப்பில் அவர் படம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில் போனது.

பழைய பக்கங்களைப் புதியதற்கு மாற்றும்போது அந்தக் கம்பெனி ஒரு கூத்து செய்தது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனியாக இருந்த குறிப்புகளைத் தூக்கிவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே வரியைப் போட்டது: "பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றுடன் வரவும்." பார்க்க ஒரே சீராக இருக்கிறதாம். மூன்று மாதச் சர்க்கரை அளவு பார்க்கச் சாப்பிட்டுவிட்டே வரலாம். அதற்கும் பட்டினி! முதலாளி படிக்காமலே ஓகே கொடுத்திருந்தார்.

திங்கட்கிழமை காலையில் அது என் கண்ணில் பட்டது. உடனே திருத்தி அனுப்பினேன். முதலாளி அறுபடை வீடு பார்க்கக் கிளம்பியிருந்தார். போன் செய்தால், "கோயில்ல இருக்கேன், அப்புறம் பாக்கறேன்" என்று வைத்துவிட்டார். என் திரையில் "அனுமதிக்குக் காத்திருக்கிறது" என்று நின்றது. மறுநாளைக்கு முன்பதிவு செய்தவர்களின் பட்டியல் போன் நம்பரோடு என் மேசையிலேயே இருந்தது. ஏழெட்டுப் பேர்தான். அனுப்பியாயிற்று, என் பொறுப்பு முடிந்தது என்று வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் சைதாப்பேட்டையிலிருந்து ஒரு பெண் தன் அப்பாவை பஸ்ஸில் அழைத்து வந்தாள். மூன்று மாதச் சர்க்கரை அளவு பார்க்கத்தான். அவர் வழக்கம்போலச் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் வந்திருந்தார். டோக்கன் வாங்க நின்றவர் அப்படியே என் மேசை மேல் சரிந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வாய் குழறியது. மாடியிலிருந்து டாக்டர் ஓடி வந்து குளுக்கோஸ் ஏற்றினார். பெற்ற மகளையே அவருக்குக் கொஞ்ச நேரம் அடையாளம் தெரியவில்லை.

"உங்க வெப்சைட்ல போட்டுகீதுன்னுதான் நைனாவ பட்டினியா இட்டாந்தேன்" என்று அந்தப் பெண் போனை நீட்டினாள். அந்த வரியை விரலால் குத்திக் காட்டினாள்.

முதலாளியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஐயோ பாவம், இதோ பாக்கறேன்" என்றார். சிறிது நேரத்தில் தளத்தில் ஒன்று மாறியது. அவர் கோபுரத்துக்கு முன் கைகூப்பி நிற்கும் படம் முகப்பில் ஏறியிருந்தது. என் திருத்தம் அப்படியே கிடந்தது. அந்த மனிதர் மேல் எனக்கு வந்த அருவருப்பை அச்சில் போட முடியாது.

அப்பா தெளிந்து எழுந்ததும் அந்தப் பெண் என் மேசைக்கு வந்தாள். கோபம் தணிந்திருந்தது.

"அக்கா, இது தப்புன்னு உனுக்கு எப்போ தெரியும்?"

"இப்பதாம்மா. நீ காட்டினப்பதான்" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். "சரி வுடு, நீ இன்னா பண்ணுவ" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்து மெல்ல நடத்திக்கொண்டு போனாள்.