இன்னாசியம்மாள் ஒரு வேலையும் செய்வதில்லை

திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் லோடுமேனாக இருந்த சூசைமாணிக்கத்துக்கு உடம்பில் ஒரு குறையும் கிடையாது. ஊரில் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம் ஒன்றுதான் அவனுக்கு இருந்த வியாதி. ஊருக்கு வேறு வேலை இல்லையா என்று அவனிடம் யாரும் எடுத்துச் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டான்.

அந்தப் பயத்துக்குக் காரணம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அவனுடைய அக்கா இன்னாசியம்மாள், தாயில்லாத பிள்ளையான அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள். கட்டிக்கொடுத்த இடத்தில் புருசன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். தம்பி பெண்டாட்டி அருளாயி மில் வேலைக்குப் போகிறவள் என்பதால் வீட்டு வேலை முழுக்க அக்கா தலையில் விழுந்தது. சாணி அள்ளுவாள், தண்ணீர் எடுப்பாள், உலை வைப்பாள், மாட்டை ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போவாள். எழுபதை நெருங்கியபோதும் வேலையில் ஒன்றுகூடக் குறையவில்லை. கன்னத்தில் ஒரு துண்டுப் புகையிலையை அடக்கிக்கொண்டால் போதும், சாயங்காலம்வரை ஓடுவாள். வாய் மட்டும் சும்மா இருக்காது. தம்பி முதல் மாடு வரை எல்லாருக்கும் திட்டு விழும்.

"தம்பி வீட்டுல அக்காக்காரி சோத்துக்கு மாடா உழைக்கிறா" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதிலும் எதிர்வீட்டுச் சடையாண்டி, இவன் காதுபடவே பேசுவான். சூசைமாணிக்கத்துக்கு அது சுருக்கென்று தைக்கும். அக்காவின் வேலையைக் குறைத்திருந்தால் பேச்சு தானாக நின்றிருக்கும். அது அவனுக்குத் தோன்றவில்லை. அவள் வேலையை அப்படியே விட்டுவிட்டுப் பேச்சைக் குறைக்க வழி பார்த்தான். டீக்கடையில் உட்கார்ந்தால், "எங்கக்காவ ஒரு துரும்பு எடுத்துப் போட விடுறதில்ல" என்று நாக்கூசாமல் சொல்வான். இருபது வருசமாகச் சொல்லி அதை அவனே பாதி நம்பியும் விட்டான்.

எண்பத்தாறாம் வருசம் ஆடி மாதம் இன்னாசியம்மாளின் கன்னத்துக்குள் ஒரு புண் வந்தது. சூட்டுப் புண் என்று கம்பவுண்டர் களிம்பு கொடுத்தார். ஆறவில்லை. காரம் பட்டால் துடித்துப்போனாள். கடைசியில் திண்டுக்கல் டாக்டர் ஒருவர் பார்த்துவிட்டு, மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அங்கே சதையைக் கிள்ளிப் பார்த்துப் புற்று என்று சொன்னார்கள். அடுத்த வாரம் டாக்டர் மதியழகனைப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

இந்த மதியழகன் ஓர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். வயசானவர்களுக்குப் புற்று வந்தால், கரண்ட் வைப்பதை, அதாவது கதிர்வீச்சு கொடுப்பதைத் தாங்க மாட்டார்கள் என்று மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவதுதான் அதுவரை வழக்கம். வயசைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது, உடம்பில் தெம்பு இருக்கிறதா என்று பார்த்துத்தான் செய்ய வேண்டும் என்பது அவருடைய கட்சி. தானாக நடந்து, குளித்து, சமைத்து, வேலை பார்க்கிற கிழவிக்கு எழுபது வயசிலும் கரண்ட் வைப்பார். நாற்காலியை விட்டு எழவே தள்ளாடுகிறவருக்கு அறுபது வயசானாலும் வைக்க மாட்டார். நோயைவிட வைத்தியமே அவரைக் கொன்றுவிடும் என்பார். இன்னாசியம்மாளுக்காகவே உட்கார்ந்து யோசித்தது போன்ற ஆராய்ச்சி. ஆனால் சூசைமாணிக்கத்துக்கு இதெல்லாம் அன்று தெரியாது.

மதுரை பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆஸ்பத்திரிவரை அக்கா வேகமாகத்தான் நடந்தாள். மூட்டை தூக்கிப் பழகிய தம்பிதான் பின்னால் வந்தான். மாடிப்படிக்குக் கீழே வந்ததும் சூசைமாணிக்கம் நின்றுவிட்டான். மேலே டாக்டர் அறை வாசலில், மச்சினனுக்குத் துணையாக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் சடையாண்டி. அவன் பார்ப்பதற்குள் சூசைமாணிக்கம் குனிந்து அக்காவை அலாக்காகத் தூக்கிவிட்டான்.

"ஏலே, எறக்கி விடுறா! கூச்சமா இருக்கு" என்று அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள் இன்னாசியம்மாள்.

"செத்த நேரம் சும்மா இருக்கா" என்று சொல்லிக்கொண்டே படியேறினான். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். "பாத்தியளா, அக்காவ எப்பிடித் தூக்கிட்டு வாரான்னு" என்று யாரோ சொன்னதும் அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சடையாண்டியும் பார்த்தான். அது போதுமாக இருந்தது.

உள்ளே டாக்டர் அக்காவைப் பார்த்துத்தான் கேள்வி கேட்டார். பதில் தம்பியிடமிருந்து வந்தது. நம் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனால் நோயாளிக்கு வாய் கிடையாது, கூட வந்தவருக்குத்தான் வாய்.

"அம்மா, வீட்ல சமைக்கிறீங்களா?"

"அதெல்லாம் இல்ல சார். எம் பெண்டாட்டிதான் ஆக்குவா."

"தண்ணி எடுக்குறது, துணி துவைக்கிறது?"

"ஒரு குடம் தூக்க விட மாட்டோம் சார்."

"குளிக்கிறது தானாத்தானே?"

வாசல் கதவு திறந்திருந்தது. சடையாண்டியின் கால் தெரிந்தது. சூசைமாணிக்கம் குரலைக் கொஞ்சம் உயர்த்தினான். "வெந்நி வச்சு எம் பெண்டாட்டிதான் ஊத்தி விடுவா சார். உக்கார வச்சுத்தான் சோறு போடுறோம்."

இன்னாசியம்மாள் தம்பி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. வாய் வலியினால் பேசவில்லை என்று டாக்டர் நினைத்திருப்பார். தூக்கிக்கொண்டு வந்ததை அவரே கண்ணால் பார்த்திருந்தார். மேலே என்ன கேட்பார்? "இவங்க உடம்பு கரண்ட் தாங்காதுங்க. வலிக்கு மாத்திரை தர்றேன். நல்லாப் பாத்துக்கிறீங்க, அப்படியே பாத்துக்கங்க" என்றார்.

சூசைமாணிக்கத்துக்கு அன்று வருத்தம் வந்ததா? வந்தது. ஆனால் அதற்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. கரண்ட் வைக்க ஆறு வாரம் மதுரையில் தங்க வேண்டும் என்று பெஞ்சில் பேசிக்கொண்டார்கள். அக்கா ஆறு வாரம் இல்லாவிட்டால் மாட்டை யார் பார்ப்பது, உலையை யார் வைப்பது என்று அவன் உள்ளுக்குள் மலைத்துப்போயிருந்தான். அந்த நிம்மதியைத்தான் பின்னால் அவனால் மன்னிக்க முடியாமல் போயிற்று.

கார்த்திகையில் ஒரு நாள் டாக்டர் மதியழகன் ஜீப்பில் ஊருக்கு வந்தார். மாத்திரை கொடுத்து அனுப்பியவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதும் அந்த ஆராய்ச்சியில் சேர்த்தி. ஊருக்கு வெளியே, தலையில் ஒரு கட்டுச் சோளத்தட்டையோடு எதிரே வந்த பெண்ணிடம் ஜீப்பை நிறுத்தி, "இன்னாசியம்மாள் வீடு எதும்மா?" என்று கேட்டார்.

"நாந்தேன்" என்றாள் அவள், கட்டை இறக்காமலே.

அந்த நேரம் பார்த்துப் பேட்டையிலிருந்து திரும்பி வந்த சூசைமாணிக்கம் ஜீப்பைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கினான். டாக்டர் அக்காவைக் கட்டை இறக்கச் சொல்லி, அந்த இடத்திலேயே வாயைத் திறந்து பார்த்தார். கழுத்தைத் தடவினார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தடவினார். அங்கே ஒரு கட்டி கல் மாதிரி நின்றது. பிறகு சூசைமாணிக்கத்தைத் தனியே அழைத்துப்போனார்.

"இவங்க இப்படி வேலை பாக்குறவங்கன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா கரண்ட் வச்சிருப்பேங்க. அப்ப புண்ணு சின்னது. பொழைக்க வாய்ப்பு இருந்துச்சு. ஏன் அப்படிச் சொன்னீங்க?"

சடையாண்டி உட்கார்ந்திருந்தான் சார் என்று எப்படிச் சொல்வது? "இப்ப வைங்க சார். மதுரையிலயே கெடக்குறோம்" என்றான். இனிமேல் வைத்துப் பலனில்லை என்று டாக்டர் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. "நானும் அவங்களை எழுந்து நடக்கச் சொல்லிப் பாத்திருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அவர் திட்டிவிட்டுப் போயிருந்தால் தேவலை என்றிருந்தது.

அன்று சாயங்காலம் டாக்டர் சொன்னதை அக்காவிடம் ஒன்றுவிடாமல் சொன்னான். சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதான். "நீயாவது வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமேக்கா."

"பெரிய டாக்டருக்கு முன்னால ஒன்னையப் பொய்யனாக்கச் சொல்றியாக்கும்?" என்றாள் அவள். "போடா, போய் மாட்டுக்குத் தட்டையப் போடு."

தெம்பைப் பார்த்துத்தான் கரண்ட் வைப்பார்கள் என்ற விசயம் அவளுக்கும் அப்போதுதான் தெரியும். அன்றைக்குத் தெரிந்திருந்தால் பேசியிருப்பாளா என்று கேட்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

தை பிறந்தபோது அவளால் கட்டு தூக்க முடியவில்லை. பிறகு குடம் தூக்க முடியவில்லை. அருளாயி மில்லுக்குப் போவதை நிறுத்திக்கொண்டு சமையலைப் பார்த்தாள், அக்காவுக்கு வெந்நீர் வைத்து ஊற்றினாள். சூசைமாணிக்கம் பேட்டைக்குப் போகுமுன் தண்ணீர் எடுத்து வைத்து, கஞ்சியை வடிகட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டிவிட்டுப் போவான். எதிர்வீட்டுச் சடையாண்டியே ஒரு நாள் வந்து, "ஒன்னய மாதிரி தம்பி யாருக்குய்யா கெடைப்பான்" என்று மனசாரச் சொன்னான். சூசைமாணிக்கத்தால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை.

மாசியில் ஒரு மத்தியானம், அருளாயி வெந்நீர் ஊற்றிவிடக் குளித்து முடித்துத் தலை உலர உட்கார்ந்திருந்த இன்னாசியம்மாள் அவனைக் கையசைத்துக் கூப்பிட்டாள். பேச்சு குழறிப்போய்விட்டதால் காதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டியிருந்தது.

"அன்னைக்கு டாக்டருகிட்ட நீ சொல்லச் சொல்ல, இப்பிடி இருந்தா எப்பிடி இருக்கும்னு நெனச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்டா அப்பு" என்றாள். "நல்லாத்தேன் இருக்கு."