ரெண்டு பேர் ஏறுற ரோபோ

எங்க ரோபோவைக் காயலாங்கடையில போடச் சொல்லாத ஆளு ராமேஸ்வரத்துல இல்ல. ஐஸ் கம்பெனிக்காரர் சொன்னாரு, என் கொழுந்தன் சொன்னான், எங்க பங்குச்சாமியார் கூடப் பூசை முடிஞ்சு மாதா கோயில் வாசல்ல நின்னு நைசாச் சொல்லிப் பாத்தாரு. எல்லாருக்கும் நான் குடுத்த பதில் ஒண்ணுதேன். "ஒங்க சோலியைப் பாருங்க." சாமியாருக்கு மட்டும் கடைசியில "சாமி"ன்னு சேத்துக்கிட்டேன்.

ரோபோன்னா கையைக் காலை ஆட்டிக்கிட்டு ரோட்டுல நடக்குற ரோபோ இல்ல. அது ஒரு விளையாட்டு மிஷினு. ஒரு ஷேர் ஆட்டோ தண்டிக்கு இரும்புக் கூண்டு. உள்ள பக்கத்துல பக்கத்துல ரெண்டு சீட்டு, எதுக்க பெரிய திரை. திரையில பத்துப் பனை ஒசரத்துக்கு ஒரு ரோபோ நிக்கும். இடது சீட்டுல இருக்குறவுக ரெண்டு மிதியை மிதிச்சு அதோட காலை நடத்தணும். வலது சீட்டுல இருக்குறவுக ரெண்டு பிடியைப் புடிச்சு அதோட கையை ஆட்டணும். ரோபோ சாஞ்சா கூண்டும் சேந்து சாயும். ஒருத்தர் காலை எடுக்குறப்ப அடுத்தவுக கையை விரிச்சுத் தாங்கலேன்னா மூஞ்சி குப்புற விழுகும். ஒத்த ஆளா ஏறி உக்காந்தா ஒரு அடி நகராது.

மெட்ராஸ்ல நாலஞ்சு இளவட்டங்க சேந்து செஞ்சது. ஊரூருக்கு வைக்கப்போறோம், இதையே சினிமாவா எடுக்கப்போறோம், படம் வர்ற அன்னைக்கு விளையாட்டோட கடைசிக் கட்டமும் வரும்னு கண்ணு மின்ன மின்னப் பேசுனாங்க. சிவன் கோயிலுக்குப் போற ரோட்டுல நான் சங்கு சிப்பி, கூல்டிரிங்ஸ் வித்துக்கிட்டு இருந்தேன். கடையை ஒட்டி ஒரு ரூம்பு சும்மா கெடந்துச்சு. மிஷினு அவங்களோடது, இடமும் கரண்டும் எங்களோடது, வர்றதுல ஆளுக்குப் பாதின்னு பேசி எறக்குனோம்.

அந்த நேரம் எங்க வீட்டுக்காரவுக சும்மா இருந்தாக. விசைப்படகு டிரைவரு அவுக. வலை இழுக்குறப்ப வின்ச்சுல கயிறு சுத்தி இடது கையில நடு விரலு மூணும் போயிருச்சு. பெருவிரலும் சுண்டுவிரலுந்தேன் மிச்சம். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த நாள்லேர்ந்து அந்தக் கையைக் கைலி மடிப்புக்குள்ள சொருகிக்கிட்டுச் செவுத்தைப் பாத்து உக்காந்துட்டாக. சோறு வைக்கவான்னா தலையை ஆட்டுவாக. பேச்சு இல்ல. நான் பேசிப் பேசி, அழுது அழுது, கடைசியில கத்தியும் பாத்துட்டேன். செவுத்துக்கிட்டக் கத்துன மாதிரிதேன் இருந்துச்சு.

மிஷினை மாட்ட வந்தவரு, ஓட்டிக் காமிக்க ரெண்டு பேர் வேணும்னாரு. நான் கைப்பக்கம் ஏறிக்கிட்டேன். கால்பக்கத்துக்கு அவுகளைக் கூப்புட்டேன். காலுதேன வேணும், கை வேணாமேன்னு நெனச்சாகளோ என்னமோ, எந்திரிச்சு வந்தாக. ரோபோ விழுந்துச்சு. மறுக்கா விழுந்துச்சு. அதுக்கப்புறம் பக்கத்து சீட்டுலேர்ந்து குரல் வருது: "ஏ புள்ள, நான் எடுக்குறப்ப நீ சாயாத. வைக்கிறப்ப சாயி." ஆஸ்பத்திரிக்கு அப்புறம் அவுக வாயிலேர்ந்து முழுசா வந்த பேச்சு அதுதேன். எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துருச்சு. பிடியை விட்டுட்டேன், ரோபோ இன்னொருக்கா விழுந்துச்சு. "என்ன புள்ள நீ?"ன்னு வைதாக. வையட்டும் மாதாவேன்னு இருந்துச்சு எனக்கு.

ஆரம்பத்துல நல்ல கூட்டம். கோயிலுக்கு வர்ற வடநாட்டுக்காரங்க, மதுரைக்காரங்க எல்லாம் பிள்ளைகளோட வரிசையில நிப்பாங்க. அதைக் கெடுத்தது நாந்தேன். யாருக்கும் ஒளிக்க வேண்டியதில்ல.

எங்க ஊர் உப்புக்காத்துல இரும்பு நிக்காது. மிஷினோட கீல்ல எல்லாம் துரு பொரிஞ்சு கீச்சு கீச்சுன்னு கத்துச்சு. கம்பெனிக்குப் போன் போட்டேன். "கடல்காத்துதானே மேடம், ஏதாவது எண்ணெய் பூசி வைங்க"ன்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க. எங்க வீட்டுல கடல்காத்துக்குப் பூசுற எண்ணெய்னா ஒண்ணே ஒண்ணுதேன். மீனெண்ணெய். சாளை மீனைப் போட்டுக் காய்ச்சி எடுக்குறது. எங்க மாமனாரு கடலுக்குப் போற வல்லத்துப் பலகைக்கு அதைத்தேன் தேய்ப்பாரு, பலகை அவரு காலத்துக்குப் பெறகும் கெடந்துச்சு. நானும் ஒரு டின்னு வாங்கியாந்து தேங்காநாரைத் தொட்டுத் தொட்டு கீலு, மிதி, சீட்டுக்கு அடியில இருக்குற கம்பின்னு ஒரு எடம் விடாமப் பூசுனேன். கீச்சுச் சத்தம் நின்னுருச்சு. அந்த வாடையிலயே பொறந்து வளந்த எங்க மூக்குக்கு அது ஒரு வாடையாவே தெரியல.

மறுநாளு இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிட்டு, நெத்தி நெறைய விபூதியோட ஒரு குடும்பம் வந்துச்சு. கூண்டுக் கதவைத் தொறந்து விட்டேன். அந்தம்மா ஒரு கால உள்ள வச்சாங்க. வச்ச வேகத்துல "சிவ சிவா"ன்னு மூக்கைப் பொத்திக்கிட்டு இறங்கி, கோயிலைப் பாத்துத் திரும்பிட்டாங்க. மறுபடியும் மொதக் கெணத்துலேர்ந்து குளிக்கணுமாம். சோப்பு போட்டுக் கழுவுனேன். சூடம் கொளுத்துனேன். ஊதுபத்தி ஏத்துனேன், அது கருவாட்டுக் கடையில எழவு விழுந்த மாதிரி ஆயிருச்சு. கம்பெனிக்காரங்க தலையில அடிச்சுக்கிட்டாங்க. "நீங்கதேன எண்ணெய் பூசச் சொன்னீங்க, என்ன எண்ணெய்னு சொன்னீங்களா?"ன்னு நானும் விடல.

யாத்திரைக்காரங்க நின்னுபோனாங்க. ஆனா எங்க சனம் வர ஆரம்பிச்சிருச்சு. படகு கடலுக்குப் போகாத நாள்ல புருசனும் பொஞ்சாதியுமா வருவாக. வீட்டுல மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்குறதுகளை நானே கையைப் புடிச்சு உள்ள தள்ளிவிட்டுக் கதவைச் சாத்துவேன். கொஞ்ச நேரத்துல சத்தம் கேக்கும். சண்டைதேன். ஆனா பேச்சு பேச்சுதேன? பாம்பன்லேர்ந்து, மண்டபத்துலேர்ந்து கூட பஸ் ஏறி வந்தாக.

இருந்தாலும் எங்க ரெண்டு பேர் அளவுக்கு யாரும் போகல. அவுக காலு, நான் கை. "எடு... வை... எடு... வை"ன்னு பட்டணம், மணல்காடு, மலை எல்லாம் தாண்டி, கடலுக்கடியில நடந்து போனோம். அங்கன ஒரு பெரிய இரும்புக் கதவு. அதுக்கு முன்னால ரோபோ போய் நின்னா திரையில "விரைவில்"னு வரும். கதவுக்குப் பின்னால என்ன இருக்குன்னு சினிமா வந்தாத்தேன் தெரியுமாம். அவுக தெனம் கேப்பாக, "படம் எப்ப புள்ள வருது?" செவுத்தைப் பாத்துக்கிட்டு இருந்த மனுசன் ஒண்ணை எதிர்பாத்துக் காத்துக்கிட்டு இருந்தாக. எனக்கு அது போதும்.

படத்துல கொஞ்சம் தனுஷ்கோடியிலதேன் எடுத்தாங்க. பைபரும் தெர்மாகோலும் வச்சு ஒரு ரோபோவை, சும்மா சொல்லக்கூடாது, மாடி வீட்டு ஒசரத்துக்கு நிறுத்தியிருந்தாங்க. மத்தியானக் காத்துல அதோட ஒரு கை பிச்சுக்கிட்டுக் கடல்ல போய் விழுந்துச்சு. எங்காளுகதேன் வல்லத்துல போய்ப் புடிச்சு இழுத்தாந்தாக. அப்புறம் எங்க பொம்பளைகளை வரிசையா நிக்க வச்சு, ரோபோவைப் பாத்து அலறி ஓடணும்னாங்க. எல்லாரும் ஓடுனாளுக. நான் நின்னேன். மைக்குல கத்துறாங்க, "அந்தப் பச்சைச் சேலை அம்மா, பயந்து ஓடுங்க!" நான் திரும்பக் கத்துனேன்: "எங்க ரோபோவைப் பாத்து நான் எதுக்குய்யா ஓடணும்? தெனம் ஏறி உக்காருறவ நானு!" என்னைய ஓரமா உக்கார வச்சு ஒரு டீ குடுத்தாங்க. படத்துல நான் இல்ல. வருத்தமும் இல்ல.

படம் வந்துச்சு. ராமநாதபுரத்துல மொத நாளே பாத்தோம். அவுக வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, கையை வேட்டி மடிப்புல சொருகிக்கிட்டு உக்காந்திருந்தாக. ரோபோ வந்த ஒடனே எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அப்புறம் கதாநாயகன் ஏறுறாரு. ஒத்த சீட்டு. ஒத்த ஆளு. ஒரு கையால மீசையை முறுக்குறாரு, இன்னொரு கையால ரோபோவை ஓட்டுறாரு. பக்கத்துல காத்து கூட இல்ல!

எங்க வீட்டுக்காரவுக எந்திரிச்சுட்டாக. "ஏலே! ஒத்த ஆளா எப்புடிலே நடக்கும்? காலை யாருலே எடுக்குறது?" தியேட்டர் முழுக்கச் சிரிப்பு. பின்னாடி ஒருத்தர் "உக்காருய்யா, மறைக்குது"ன்னாரு. எனக்கு வந்துச்சே ஒரு கோவம். நானும் எந்திரிச்சேன். "அவுக கேக்குறதுல என்ன தப்பு? ரெண்டு பேர் வேணும் அதுக்கு. தெரியாட்டி எங்க கடைக்கு வந்து பாருங்க"ன்னேன். அதுக்கும் சிரிச்சாங்க. சிரிக்கட்டும். படத்தைப் பாத்தும் அப்புடித்தேன் சிரிச்சாங்க, அழ வேண்டிய எடத்துல எல்லாம். கதவு தொறக்குறதையும் காமிச்சாங்க. உள்ள வில்லனோட பங்களா, ஒரு பாட்டு. இதுக்கா இம்புட்டு நாளு நடந்தோம்னு ஆயிருச்சு. அந்த வாரம் முடியுறதுக்குள்ள படத்தைத் தூக்கிட்டாங்க.

அதோட எல்லாம் சரிஞ்சுச்சு. கம்பெனிக்காரங்க இருந்ததை எல்லாம் படத்துல கொட்டியிருந்தாங்க. போனை எடுக்குறதை நிறுத்துனாங்க. கடைசிக் கட்டம் வரவே இல்ல. மத்த ஊர்ல இருந்த மிஷினெல்லாம் மூலையில கெடக்கு, ஒத்த ஆளா செல்லுலயே வெளையாடுறப்ப இதுக்கு எதுக்கு ரெண்டு பேர்னு கேக்குறாங்களாம். இங்கனயும் போற வர்றவனெல்லாம் அந்தப் படத்துப் பாட்டைப் பாடி எங்களைக் கேலி பண்ணுனான். பண்ணிட்டுப் போகட்டும். கதவை நான் சாத்தல.

அப்புறந்தேன் அந்தப் போன் வந்துச்சு. கம்பெனி தன்னோட மிஷினை எல்லாம் மதுரை ஏவாரி ஒருத்தருக்கு வித்துருச்சாம். அவரு ஒரு கல்யாண மண்டபத்துல பிள்ளைக வெளையாடுற எடத்துல வைக்கப்போறாராம். திங்கக்கெழம காலையில லாரி வருதுன்னாரு போன் போட்ட கம்பெனி ஆளு. மிஷினு எங்களோடது இல்லையே. வீட்டுல சொன்னேன். அவுக கையைக் கைலிக்குள்ள சொருகிக்கிட்டுச் செவுத்துப் பக்கம் திரும்பி உக்காந்துட்டாக. மறுபடியும் அந்தச் செவுரா, சேசுவே!

திங்கக்கெழம காலையில எந்திரிச்சுப் பாத்தா அவுகளைக் காணோம். வர்ற ஏவாரிகிட்ட ஏப்பசாப்பையா நிக்கக்கூடாதுன்னு கிறிஸ்மசுக்கு எடுத்த புதுச் சீலையைக் கட்டிக்கிட்டு கடைக்குப் போனேன். தெரு முக்குலயே வாடை. எனக்கே வாடை அடிச்சுச்சுன்னா பாத்துக்கங்க. ரூம்புக் கதவு தொறந்து கெடக்கு. உள்ள புது டின்னு மீனெண்ணெய். அவுக கூண்டுக்குள்ள மண்டி போட்டு உக்காந்து சீட்டு, மிதி, பிடி, கூரை எல்லாத்துலயும் பூசிக்கிட்டு இருக்காக. வலது கையில டின்னு. தேங்காநாரு இடது கையில. மிச்சமிருக்குற ரெண்டு வெரலுக்கு நடுவுல இடுக்கி, முழங்கை வரைக்கும் எண்ணெய் வழிய வழியத் தேய்க்கிறாக. அந்தக் கையை வெளிய எடுத்து ஒரு வேலை செஞ்சு நான் பாத்தது அன்னைக்குத்தேன். வாசல்லயே நின்னுட்டேன். திரும்பிப் பாத்து, "துரு புடிக்கும்ல புள்ள"ன்னாக. "ஆமா, புடிக்கும்"னேன்.

லாரி வந்துச்சு. ஏவாரி நல்ல வெள்ளைச் சட்டை போட்டிருந்தாரு. கூண்டுக்குள்ள தலையை விட்டவரு அப்புடியே பின்னால வந்தாரு. "என்னம்மா, உள்ள ஏதாச்சும் செத்துக் கெடக்கா?"

"சாகலையே, நல்லாத்தேன் ஓடுது. உக்காந்து பாருங்க."

பாவம், உக்காந்தும் பாத்தாரு. எந்திரிக்கிறப்ப முதுகெல்லாம் எண்ணெய். "கழுவுனாப் போயிரும்ல?"ன்னாரு.

"மொதத் தடவ பூசுனதைக் கழுவி வருசம் ஆச்சு. இன்னும் போகல"ன்னேன். பொய் இல்ல.

லாரி டிரைவர் எறங்கி வந்து மோந்து பாத்தாரு. ஏதோ லாட்ஜுக்கு எறக்க வேண்டிய மெத்தைகளை அவரு லாரியில அடுக்கியிருந்தாரு. "அண்ணே, இதை ஏத்துனா அம்புட்டு மெத்தையும் நாறிரும். நீங்க வேற வண்டி பாத்துக்கங்க"ன்னு திரும்பிட்டாரு. ஏவாரி முதுகுல ஒட்டுன சட்டையை இழுத்து விட்டுக்கிட்டாரு. கல்யாணச் சோத்துக்குப் பக்கத்துல இதை வச்சா என்ன ஆகும்னு நெனச்சிருப்பாரு. "நீங்களே வச்சுக்கங்கம்மா. காயலாங்கடைக்காரன் கூட இதைத் தொடமாட்டான்."

நான் வாயைத் தொறக்கல. தொறந்திருந்தா சிரிச்சிருப்பேன். மிஷினு ஓடிக்கிட்டேதேன் இருந்துச்சு. திரையில அந்த இரும்புக் கதவு, "விரைவில்". ஏவாரி அதைப் பாத்துட்டு அவுககிட்டக் கேட்டாரு. "கம்பெனியே போயிருச்சு. இனிமே எங்க வரப்போகுது? இதை வச்சுக்கிட்டு என்னய்யா பண்ணப் போறீங்க?"

அவுக எண்ணெய் வழியுற இடது கையை எல்லாரும் பாக்கக் கம்பியில ஊனி ஏறி, கால்பக்கம் உக்காந்தாக. பக்கத்துச் சீட்டை ரெண்டு வெரலால ஒரு தட்டு தட்டுனாக.

"ஏ புள்ள, ஏறு. மொதல்லேர்ந்து நடப்போம்."

கட்டியிருந்தது புதுச் சீலை. நாறுனா நாறட்டும்னு ஏறி உக்காந்தேன்.