காலை எடுத்துடாதீங்க

இது கட்டிச் சொன்ன கதை இல்லை, கண்ணுகளா. அப்துல் சமத் என் எதிரே உட்கார்ந்து சொன்னது. சொல்லி முடிக்கிற வரைக்கும் அவருடைய வலது கால் நடுங்கிக்கொண்டே இருந்தது. பயந்த சுபாவக்காரர்கள் இப்படிக் கிட்டே வந்து உட்காருங்கள்.

தொண்ணூற்றாறில் ஜூன் மாதம் ஊரையே புரட்டிப் போட்டதே ஒரு மழை, அந்த மழையில்தான் நடந்தது. ராயப்பேட்டையில் ஒரு சந்து முழுக்கக் கரண்ட் இல்லை. அந்தச் சந்தில் அமீனா பீ வீட்டில், மகள் வஜீஹாவைப் படம் எடுக்க வேண்டும். துபாய் மாப்பிள்ளை கேட்டிருக்கிறார். தள்ளிப்போட முடியாது.

படம் எடுப்பவள் சமத்தின் மனைவி ஜுவேரியா. பெண்பிள்ளைகளை எடுக்க அவளைத்தான் தேடி வருவார்கள். சமத் வண்டி ஓட்டுவார், ஒயர் இழுப்பார், வெளியே காத்திருப்பார்.

கரண்ட் இல்லாத வீடுகளுக்கென்றே பழைய மாருதி வேனின் பின்னால் ஓர் இன்வர்ட்டர் வைத்திருந்தார்கள். அதிலிருந்து ஒயர் ஜன்னல் வழியாகப் போய்க் குடை விளக்கில் சேரும். அந்த விளக்கில் ஒரு சின்ன பல்பு எரிந்துகொண்டே இருக்கும். பட்டனை அமுக்கினால் ஃப்ளாஷ் பளிச்சென்று வெட்டும். மறுபடி சார்ஜ் ஏறும்போது பல்பு ஒரு கணம் அணையும், வேன் 'ம்ம்ம்' என்று ஒரு முறை முனகும். வெளியே இருக்கிற சமத்துக்கு அந்த முனகல்தான் கணக்கு.

ஆனால் பேட்டரி செத்த பேட்டரி. வண்டி ஓடினால்தான் வெளிச்சம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி நின்றுபோகும்.

"காலை எடுத்துடாதீங்க. இருட்டுன்னா எனக்கு உசிரே போயிடும்."

"இந்தக் காலை உனக்கே எழுதி வெச்சுட்டேன், போ."

சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

தெருப் பக்கத்து அறை. ஆண்கள் எட்டிப் பார்க்கக் கூடாதென்று கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். மங்கல் கண்ணாடி ஜன்னல் மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. மணி ஏழேகால்.

பளிச். ம்ம்ம்.

"வெறும் நாற்காலிய எடுத்துப் பாத்தேன்," என்று உள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

பளிச். ம்ம்ம்.

"பொண்ணு வந்துடுச்சுங்க. எம்மாம் வெக்கம்! தலையே நிமிர மாட்டேங்குது."

பளிச். ம்ம்ம்.

அப்போது வேன் கதவை யாரோ தட்டினார்கள். குடையோடு அமீனா பீ. அவர் தோளை ஒட்டி, ஜரிகைத் துப்பட்டாவில் ஒரு பெண்.

"மாடில சோடிச்சு முடிக்கவே நேரமாய்டுச்சு தம்பி. வஜீஹா ரெடி. உள்ள தாப்பா போட்டுகீது, உம்ம பொண்டாட்டிய தொறக்கச் சொல்லும்."

சமத் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப உள்ள இருக்கிற பொண்ணு..?"

"உள்ள யாரு கீறா? அந்த ரூமுக்கு வேற வழியே கிடையாதே!"

பளிச். ம்ம்ம்.

"ஏங்க..." ஜுவேரியாவின் குரல் மாறியிருந்தது. "இந்தப் பொண்ணு எழுந்திரிக்கவே இல்ல. ஆனா ஒவ்வொரு ஃப்ளாஷுக்கும்... நாற்காலி கிட்ட வந்துக்கினே இருக்கு."

"கதவத் தொற, ஜுவேரியா!"

"கதவு எந்தப் பக்கம்னே தெரியல... காலை எடுத்துடாதீங்க..."

அவர் பதறி எழுந்தார். கால் லேசாகத் தூக்கிக்கொண்டது. வண்டி திணறியது. ஜன்னல் மங்கியது.

உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம். கர்ர்ர்...

மிதித்தார். வெளிச்சம் வந்தது. சத்தம் நின்றது.

அவருக்குப் புரிந்துவிட்டது, கண்ணுகளா. வெளிச்சம் இருக்கும்வரை அது நகராது. காலை எடுத்துவிட்டு அவளிடம் ஓடவும் முடியாது.

அமீனா பீ கதவை இடித்தார். வஜீஹா அலறினாள். வண்டியை மிதிக்கத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை. மழையில் ஒரு ஜன்னலும் திறக்கவில்லை.

பெட்ரோல் முள் அடியில் கிடந்தது.

வண்டி இருமியது.

"யா அல்லா... கொஞ்ச நேரம்... கொஞ்ச நேரம்..."

இன்னொரு இருமல்.

நின்றது.

இருட்டு.

கர்ர்ர்...

அப்புறம் சத்தமே இல்லை.

தாழ்ப்பாள் மெல்ல விலகியது. ஜுவேரியா வெளியே வந்தாள். கொட்டுகிற மழையில் நிதானமாக நடந்து வந்து, வேனில் ஏறி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கையைப் பிடித்தார். கை நனைந்திருக்கவில்லை.

"போலாங்க," என்றாள்.

அந்த நேரத்தில்தான் அந்த அறையின் ஜன்னல் வெளுத்தது.

பளிச்.

வண்டி முனகவில்லை.

வேனை அங்கேயே விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து அவளைத் தேனாம்பேட்டைக்குக் கூட்டிப் போனார். மறுநாள் போய்க் கேமராவை எடுத்து வந்து, லேபில் ஃபிலிமைக் கழுவக் கொடுத்தார்.

ஐந்து படம் விழுந்திருந்தது.

நான்கில் வெறும் நாற்காலி. ஒவ்வொன்றிலும் இன்னும் கொஞ்சம் கிட்டே.

ஐந்தாவதில், நாற்காலியில் ஜுவேரியா. வாய் திறந்திருக்கிறது. கை ஜன்னலை நோக்கி நீண்டிருக்கிறது.

அந்த ஐந்தாவது ஃப்ளாஷ் அடித்தபோது, சமத் யாருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்?

வீட்டுக்கு வந்தார். அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். படத்தை அவள் முன்னால் வைத்தார்.

அரிவதை நிறுத்தாமல் எட்டிப் பார்த்தாள்.

"பாவம்," என்றாள். "இன்னும் கூப்பிட்டுக்கினே இருக்கா."