இரண்டாம் லெவல் கல்லூரி

தபால் விதி தெளிவானது. ஓர் உறையை வேண்டாம் என்று திருப்பி அனுப்பும் உரிமை, அதன்மேல் யார் பெயர் எழுதியிருக்கிறதோ அவருக்கு மட்டுமே உண்டு. அல்லது அவர் கைப்பட எழுதிக் கொடுத்த ஆளுக்கு. தகப்பனார் என்பதனால் ஒருவருக்கு அந்த உரிமை வந்துவிடாது. தங்கச் சுரங்கத்தின் வாயில் நின்று மணி அடிப்பவர் என்பதனால் நிச்சயமாக வராது. மின்சார இலாகாவில் மின்சாரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கையாண்டு ஓய்வு பெற்றவன் நான். விதிகள் எனக்கு மனப்பாடம். ஆனால் நான் சொல்ல வரும் காலத்தில் எனக்கு எந்த விதியும் தெரியாது. மெட்ரிகுலேஷன் தேறியிருந்தேன், தரையில் கால் படாமல் நடந்துகொண்டிருந்தேன்.

தேறிய செய்தி பொங்கல் கழிந்த வாரத்தில் வந்தது. எங்கள் கூலி லைனில் மூங்கில் தட்டி வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் 'நூறு வயசு' என்பார்கள். ஆகவே செய்தியைச் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கவில்லை. அம்மா ஒரு தடவைதான் "இன்னாது, பாஸா?" என்றார். லைன் முழுக்க எழுந்து வந்துவிட்டது. ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் குளிக்காமலே என் கன்னத்தைக் கிள்ளினார்கள். கண்ணாடியில் பார்த்தபோது முகமெல்லாம் சுரங்கத்துச் சேறு. கழுவ மனம் வரவில்லை.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். சுரங்கக் குழியான ஷாஃப்டின் வாயில் நின்று, கீழே போகும் கூண்டுக்கு மணி கொடுப்பது அவர் வேலை. ஒரு மணி, நிறுத்து. இரண்டு மணி, இறக்கு. மூன்று மணி என்றால் ஏறியிருப்பது கல் அல்ல, ஆள், பார்த்து ஓட்டு. இந்தப் பாஷையை வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தார். சாப்பிடும்போது வட்டிலில் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினால் சோறு போதும். இரண்டு தட்டு தட்டினால் குழம்பை ஊற்று. மூன்று தட்டு எங்கள் வீட்டில் கேட்டதே இல்லை. "வட்டில்ல ஆளு ஏறினாத்தானே" என்பார் அம்மா.

பள்ளிக்கூட வாத்தியார் ஒரு தாளில் மூன்று கல்லூரிகளின் விவரத்தை எழுதிக் கொடுத்திருந்தார். மதராஸ், பெங்களூர், வேலூர். முதல் இரண்டும் ஃபர்ஸ்ட் கிரேடு. வேலூர் பாதிரிமார் நடத்துவது, செகண்ட் கிரேடு. பக்கத்தில் சம்பளம் எழுதியிருந்தது. அந்தக் காலத்தில் பிள்ளை கட்டும் கட்டணத்துக்கும் சம்பளம் என்றுதான் பெயர். இதை நைனாவுக்குப் புரியவைக்கவே ஒரு மாலைப்பொழுது போயிற்று. படிக்கிற கஷ்டத்துக்கு அவர்கள்தான் நமக்குக் கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தார்.

எனக்கு வேண்டியது பெங்களூர். காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். முந்தின வருஷம் பெங்களூரில் பட்டாளம் தங்கும் தண்டுப்பக்கத்தில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போனபோது, அந்தக் கல்லூரியில் ஊராருக்கெல்லாம் திறந்துவிட்டிருந்த ஒரு நாளில் உள்ளே நுழைந்தேன். ஒரு மேஜையில் இரண்டு கண்ணாடித் தட்டுகள் வைத்த சக்கரம். சுற்றச் சொன்னார்கள். சுற்றினேன். என் தலைமயிர் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. விரல் நுனிக்கும் பித்தளைக் குமிழுக்கும் நடுவே நீலமாக ஒன்று துள்ளியது. வலித்தது. இன்னொரு தடவை என்று கேட்டேன். எங்கள் ஊருக்கோ அப்போதுதான் தொலைதூரத்து அருவியிலிருந்து கம்பி இழுத்துக்கொண்டு வந்தார்கள். மேட்டுக்கு மேடு கம்பங்கள் நட்டு நின்றன. அந்தக் கம்பியில் என்ன ஓடப்போகிறது என்று லைனில் பல கட்சிகள். எண்ணெய் என்றது ஒரு கட்சி. எனக்குத் தெரியும். அது என்னைத் தொட்டிருக்கிறது.

மதராஸுக்கு வழி காட்டியவர் மேஸ்திரி. சுரங்கத்துக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர். நைனாவையும் அம்மாவையும் வட ஆற்காட்டிலிருந்து அட்வான்ஸ் கொடுத்துக் கூட்டிவந்தவரும் அவரே. வாசலில் நின்று சொன்னார்:

"பையனை மதராஸ் அனுப்பு. நான் கட்றேன். படிச்சிட்டு வந்து என் கணக்கை எழுதட்டும். கடன் தீர்ற வரைக்கும்தான்."

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"எங்க ரெண்டு பேர் அட்வான்ஸு தீர்றதுக்குள்ள இவனுக்கு மீசை மொளைச்சிடுச்சி மேஸ்திரி. இவனுது தீர்றப்போ அந்த மீசை நரைச்சிடும். வாங்க, உக்காருங்க, காப்பி குடிங்க. காசு வேணாம்."

மேஸ்திரி உட்கார்ந்தார், காப்பி குடித்தார், போய்விட்டார். மதராஸும் அவரோடு போயிற்று.

மிஞ்சியவை இரண்டு. பெங்களூர் விவரத்தின் கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: மைசூர் ராஜ்யத்தில் வசிக்கும் ஏழைப் பெற்றோரின் பிள்ளைகள் கேட்டுக்கொண்டால் அரைச் சம்பளம், பதினைந்து நாளில் பதில் வரும். எங்கள் ஊரும் மைசூர் ராஜ்யம்தான். அரைச் சம்பளம் என்றால் கடன் இல்லாமல் சமாளிக்கலாம். சித்தி வீட்டில் தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே நான் படுக்கிற அகலம் இருந்தது. முழுச் சம்பளம் என்றால் மேஸ்திரி மறுபடி காப்பி குடிக்க வருவார். பெங்களூருக்கு அரைச் சம்பளம் கேட்டும், வேலூருக்கு வெறுமனேயும் எழுதிப் போட்டேன். வேலூர் உடனே பதில் சொன்னது: இடம் உண்டு, தை மாதக் கடைசி வெள்ளிக்குள் பணம் கட்டு.

இந்த இடத்தில்தான் நைனா வாத்தியாரின் தாளை வாசித்துக் காட்டச் சொன்னார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. இங்கிலீஷ் சொற்கள் தெரியும்.

"கிரேடுன்னா இன்னாடா?"

நான் வாய் திறப்பதற்குள் அவரே பதில் சொல்லிக்கொண்டார். "லெவலு. அதான. ரெண்டு காலேஜு ஃபர்ஸ்ட் லெவலு, வேலூரு செகண்ட் லெவலு." முகம் மலர்ந்தது. "ஃபர்ஸ்ட் லெவல்ல இன்னா கீது? வௌவாலு. தங்கம் எப்பவுமே அதுக்குக் கீழதான்."

எங்கள் ஊரில் இது வாதமே இல்லை. மேலே தோண்டித் தோண்டி ஒன்றும் கிடைக்காமல் மூட இருந்தார்கள், இன்னும் கொஞ்சம் இறங்கியபோதுதான் தங்கம் பளிச்சிட்டது என்பது கைக்குழந்தைக்கும் தெரிந்த கதை. சுரங்கத்தின் ஒவ்வொரு அடுக்கும் ஒரு லெவல்; எண் பெரிதாகப் பெரிதாக ஆழம். ஆழம் ஆக ஆகத் தங்கம். வேறு ஊரில் பிறந்த தகப்பன் ஃபர்ஸ்ட் என்பதைக் கேட்டுத் தலைநிமிர்ந்திருப்பான். என் தகப்பன் செகண்டைக் கேட்டுத் தலைநிமிர்ந்தார். போதாக்குறைக்கு அது மலிவாகவும் இருந்தது.

"ஆழத்துல சல்லிசாக் குடுக்கறான் பாரு, பாதிரிமாருங்க நல்லவங்க" என்றார்.

"இல்ல நைனா, செகண்ட்னா..."

"பயப்படாதடா. மொதல்ல காது அடைக்கும். அப்புறம் பழகிடும்."

நான் பேசாமல் இருந்துவிட்டேன். கோழைத்தனம் இல்லை, திட்டம். பெங்களூரிலிருந்து அரைச் சம்பளத்துக்குச் சரி என்று பதில் வரட்டும், அதைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கலாம். அதுவரை நைனா என்னைப் பற்றிப் பெருமை பேசுவதில் யாருக்கு நஷ்டம்? கூண்டில் இறங்கும் ஒவ்வொரு ஷிப்டுக்கும் அவர் சொல்லி அனுப்பினார்: பையன் நேரா செகண்ட் லெவலுக்குப் போறான். ஆட்கள் கீழேயிருந்து வாழ்த்துச் சொல்லி ஏறி வந்தார்கள். ஒருவர் எனக்கு ஒரு மெழுகுவர்த்திக் கட்டு கொடுத்தார், கீழே உதவும் என்று. வாங்கிக்கொண்டேன்.

பதினைந்து நாள் போயிற்று. அதற்கு மேலும் போயிற்று. பெங்களூரிலிருந்து ஒன்றுமில்லை.

தை மாதத்துக் கடைசி ஞாயிறு, நைனா கோட்டுப் போட்டுக்கொண்டு என்னை எங்கள் ஊர்ச் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போனார். வேலூர்ப் பக்கம் டிக்கெட் என்ன விலை என்று கேட்க. டிக்கெட் கொடுப்பவரிடம் விலை கேட்பதற்கு முன் செகண்ட் லெவல் கதையை ஆரம்பித்தார். அந்த மனுஷர் மதராஸ்காரர்; ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். பெங்களூர் வண்டியும் வேலூர் வண்டியும் பௌரிங்பேட்டை ஜங்ஷனில் எதிரெதிர்த் திசையில் பிரியும். பிரிந்தால் பிரிந்ததுதான். நான் நைனாவின் கோட்டைப் பிடித்து பெஞ்சில் உட்காரவைத்தேன்.

"நைனா, வேலூர்ல செகண்டுக்குக் கீழ ஒண்ணும் கெடையாது."

"இன்னா கெடையாது?"

"ஷாஃப்டே கெடையாது. ரெண்டு வருஷம். அதோட முடிஞ்சிடும். பெங்களூர்ல அதே ரெண்டு வருஷம், அதுக்குக் கீழ இன்னும் ரெண்டு. பி.ஏ. வரைக்கும் போவுது."

நைனா தொப்பியைக் கழற்றினார். எங்கள் ஊரில் இரண்டாவது லெவலோடு நின்றுபோன ஷாஃப்ட் ஒன்று இருந்தது. அதில் லைன் ஜனங்கள் குப்பை கொட்டுவார்கள். வருஷத்துக்கு ஓர் ஆடு விழும்.

"அந்த மாதிரியா?" என்றார்.

"அந்த மாதிரிதான்."

"நான் உன்ன ஆடு விழற ஷாஃப்டுக்கா அனுப்பப் பார்த்தேன்?"

வேலூர்க் கல்லூரிக்கு இது அநியாயம். நல்ல கல்லூரி, அங்கே படித்துப் பெரிய ஆளானவர்களின் கீழே பிற்பாடு நானே வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த பெஞ்சில் நியாயம் பேசும் நிலையில் நான் இல்லை. நைனாவின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பார்த்தேன். சிரிக்கிறார். "ஷிப்டு ஷிப்டா சொல்லி அனுப்பினேனேடா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. டிக்கெட் கொடுப்பவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

சிரிப்பு அவருக்குத்தான் முதலில் நின்றது.

"பெங்களூர்லர்ந்து கவரு வந்துச்சி" என்றார்.

எங்கள் தபால்காரர் கன்னடக்காரர். மேடேறி லைன் வரைக்கும் வரச் சோம்பல்பட்டு, ஷாஃப்ட் வாயிலேயே நைனாவிடம் தபால்களைக் கொடுத்துவிடுவது வழக்கம். போன வாரம் பெங்களூர் உறையை நீட்டியிருக்கிறார். ஃபர்ஸ்ட் லெவலிலிருந்து வந்தது என்று புரிந்ததும் நைனா, தமக்குத் தெரிந்த கன்னடத்திலேயே மிகச் சுத்தமான சொல்லைச் சொல்லியிருக்கிறார்: "பேடா." வேண்டாம். தபால்காரரும், விதி என்னவென்று யோசிக்காமல், மறுக்கப்பட்டது என்று எழுதித் திருப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா நைனாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதுல இன்னா எழுதியிருந்திச்சி?"

"தெரியாது."

"அரைச் சம்பளம்னு எழுதியிருந்தா?"

"தெரியாதுன்றேன்ல."

"மணி அடிக்கிற ஆளு நீ. கீழ கீறது ஆளா கல்லான்னு பாத்துட்டுத்தான அடிப்ப?"

நைனா வட்டிலைத் தட்டவில்லை. சோறு அதுபாட்டுக்கு விழுந்துகொண்டே இருந்தது.

அன்று சாயங்காலமே கல்லூரிக்கு எழுதினேன். என் வாழ்நாளின் முதல் உத்தியோகக் கடிதம். எப்படி விளக்குவது என்று திணறியபோது அம்மா சொன்னார்: "லெவலு கிவலுன்னு எழுதாத. படிக்கிறவன் பயந்துடுவான். வேணாம்னு சொன்னது நான் இல்ல, மறுபடி அனுப்புங்கன்னு எழுது. மீதி அவங்களுக்கு எதுக்கு." பிற்காலத்தில் இலாகாவில் நான் எழுதிய எந்தக் கடிதமும் இவ்வளவு சுருக்கமாக அமைந்ததில்லை. அங்கே அம்மா பக்கத்தில் இல்லையே.

வேலூரின் கடைசி வெள்ளி வந்தது. பணத்தை அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். கட்டினால் வேலூர், பெங்களூருக்கு அப்புறம் பணம் இல்லை. கட்டாமல் விட்டு, பெங்களூரும் கைவிட்டால் எனக்குக் கல்லூரியே இல்லை, மேஸ்திரியின் கணக்குத்தான். மூவரும் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தோம். நைனா கை நீட்டி வட்டிலில் ஒரே ஒரு தட்டு தட்டினார். நிறுத்து.

அம்மா முடிச்சை இறுக்கினார். கையில் ஒரு கல்லூரியும் இல்லாத அந்த நாட்களைப்போல் நான் பின்னால் ஒருபோதும் சந்தோஷமாக இருந்ததில்லை. கம்பம் நடுகிறவர்களின் பின்னாலேயே திரிந்தேன். காரணமில்லாமல் ஓடினேன். நைனா, இறங்கும் ஒவ்வொரு ஷிப்டிடமும் தம் வாக்கை வாபஸ் வாங்கினார்: "வேலூரு இல்ல, பெங்களூரு. அங்கதான் ஷாஃப்டு இன்னும் போவுது." மெழுகுவர்த்தி கொடுத்தவர், அப்படியானால் போதாது என்று இன்னொரு கட்டு கொடுத்தார். தபால்காரர் நைனாவைக் கண்டால் சுற்றுவழியாகப் போக ஆரம்பித்தார். "பேடா" என்று சொன்ன வாய் இப்போது தினம் இரண்டு தடவை "பேக்கு, பேக்கு" என்று துரத்தியது. வேண்டும், வேண்டும்.

செவ்வாய்க்கிழமையில் நல்ல சேதி வராது என்பது அம்மாவின் சித்தாந்தம். "செவ்வாயோ வெறுவாயோ" என்று அன்று காலையே என்னை அடக்கிவைத்திருந்தார். மத்தியான ஷிப்ட் மாறும் நேரம் தபால்காரர் ஷாஃப்டைத் தாண்டி, மேடேறி, லைனுக்குள் நேராக வந்தார்; ஷிப்ட் முடிந்த நைனா முந்திக்கொண்டு முன்னால் நின்றார். உறையை நைனாவின் தலைக்கு மேலாக நீட்டி என் கையில், என் கையில் மட்டும், கொடுத்தார். விதி அன்றைக்கு அமலுக்கு வந்தது. அரைச் சம்பளம் உண்டு, வரும் திங்களுக்குள் வந்து சேர் என்றிருந்தது. முன்பு அனுப்பிய உறை மறுக்கப்பட்ட காரணம் விளங்கவில்லை என்றும் ஒரு வரி. நான் வாசித்து முடித்ததும் நைனா குனிந்து, சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்த வட்டிலை எடுத்து, விரல் முட்டியால் நிதானமாக மூன்று தட்டு தட்டினார்.

அன்று மாசி மாதம் பதினோராம் தேதி.