வெற்றிலை போட்ட சுவர்

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்தின் கடைசியில் ஒரு பழைய கல்சுவர் உண்டு. மழைக்காலத்தில் அதில் பாசி பிடிக்கும். தொண்ணூறுகளின் கடைசியில் நான் கல்லூரியில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பாசியின் மேல் சாம்பல் நிறத்தில் பொருக்குத் தட்டியதுபோல ஒன்று படர்ந்திருப்பதைப் பார்த்தேன். லைக்கன். பிரியாணியில் போடுகிற கல்பாசிக்கு உறவு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். வகுப்பில் வேறு யாருக்கும் கிடைக்காத லைக்கன் எனக்குக் கிடைத்திருந்தது. தலைகால் புரியவில்லை.

அப்பாவுக்கு கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. எங்கள் தெருவே அவர் பொறுப்பு என்பதால் மத்தியானம் வீட்டுக்கு வந்து சூடாகச் சாப்பிடுவார். அந்தச் சுவரில் மட்டும் பிளீச்சிங் பவுடர் படாமல் பார்த்துக்கொள்ளும்படி அவரிடம் சொல்லிவைத்திருந்தேன். ஆனால் பேதி பரவிய ஒரு வாரத்தில், அவர்களை மேய்க்கிற துப்புரவு மேஸ்திரி விரட்டியதால், அந்த ஈரச் சுவரிலும் வாரி இறைத்துவிட்டார். மேஸ்திரி அடுத்த சந்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் பொருக்கெல்லாம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது.

"இன்னாய்யா, கார்ப்பரேஷன் ஆளே செவுத்துல வெத்தலை துப்பி வெச்சிருக்க?"

அப்பா ஆயுளில் வெற்றிலை போட்டதில்லை. வாயைத் திறந்து காட்டினார். மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டு, கொப்பளித்திருப்பாய் என்றார். நாளையிலிருந்து மார்க்கெட் குப்பைக்குப் போ என்றும் சொல்லிவிட்டார்.

அப்பா ஓடிவந்து என்னைக் கூட்டிப்போனார். எனக்கோ ஒரே சந்தோஷம். பிளீச்சிங் பட்டால் சிவப்பதுதான் இந்த வகைக்கு அடையாளம் என்று படித்திருந்தேன். அதைச் சிரித்துக்கொண்டே விளக்கியது தப்பாகப் போயிற்று. அதற்குள் சிவப்பும் வெளுத்துவிட்டது. துப்பியதை அழித்தும்விட்டீர்களா என்றார் மேஸ்திரி.

பவுடர் படாமல் மிஞ்சியது ஓர் ஓரத்தில் நகத்தளவு பொருக்கு. கல்லூரிக்கு எடுத்துப்போக அதுதான் இருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். பிளீச்சிங் தண்ணீரை அதன்மேல் சொட்டினேன். மேஸ்திரியின் மூக்குக்கு நேராக அது சிவந்தது.

அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்போ செவுருதான் வெத்தலை போடுதுன்றியாம்மா?"

"ஒரு வகையில ஆமாங்க."

அப்பா எங்கள் தெருவிலேயே இருந்தார்.

அதன்பின் எங்கள் தெருவில் யாரும் துப்பவில்லை. எல்லாம் பாசி. டீக்கடைச் சுவரில், பால் பூத்தில், கரண்ட் கம்பத்தில்கூடப் பாசி சிவந்தது. அப்பா கேட்டால், படித்த பெண்ணே சொல்லிவிட்டதே என்றார்கள். ஒருநாள் மேஸ்திரியே வாய் நிறைய வெற்றிலையோடு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். என்னைப் பார்த்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு, "பாசிம்மா" என்றார்.

வாளியும் துடைப்பமுமாகக் கிளம்பும்போது அப்பா என்னையும் அழைத்துப்போவார்.

"பாரும்மா, இது உன்னுதா, அவங்களுதா?"

நான் குனிந்து, அவசரப்படாமல் பார்ப்பேன்.

"அவங்களுதுப்பா."

அப்பா தேய்க்க ஆரம்பிப்பார்.