நூலைப் பல்லில் கடித்தவள்

லண்டன் இல்ஃபோர்டில் ஒரு பியூட்டி பார்லரில் எனக்கு நூலால் புருவம் திருத்தியவளுக்கு முப்பது வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம், அதை மறைக்க அழுத்திப் பூசிய பவுடர். நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் வேலை செய்வாள். கடித்திருக்கும்வரை பேச முடியாது. அதனாலேயே நாற்காலியில் சாய்கிற எல்லோரும் வீட்டுச் சண்டை முழுவதையும் அவளிடம் கொட்டினார்கள். நானும்தான். என் விவாகரத்தை மாதக்கணக்காகக் கொட்டினேன்.

ஒருநாள் அவள் நூலை வாயிலிருந்து எடுத்தாள்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. இண்டைக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ. காலமை தொட்டு எல்லாற்ற அழுகையையும் கேட்டிட்டன். இனி ஏலாது."

எனக்கு வெட்கமாகிவிட்டது. போகும்போது, நல்லது செய்வதாக நினைத்து, முதலாளியம்மாவிடம் சொன்னேன்.

"அந்தப் பிள்ளை களைச்சுப் போச்சுது. என்னையே கதைக்க வேண்டாம் எண்டிட்டுது. கொஞ்சம் ஓய்வு குடுங்கோ."

அவர் தலைக்கு மேலே, 'உங்கள் மனப்பாரத்தை இங்கே இறக்கி வையுங்கள்' என்ற வாசகம் சட்டம் போட்டுத் தொங்கியது.

அடுத்த மாதம் அந்த நாற்காலியருகே வேறொருத்தி நின்றாள்.

"நீங்கள் சொன்னபடியே ஓய்வு குடுத்திட்டன்" என்று முதலாளியம்மா சிரித்தார். "கஸ்டமரைப் பாத்துக் கதைக்காதேங்கோ எண்டுற ஆள் எங்களுக்குச் சரிவராது."

அந்தச் சட்டத்தைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. ஆனால் போய்ச் சொன்னவள் நான். என் கணவரின் பெயரும், அவர் சேர்த்துக்கொண்டவளின் பெயரும் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அவளுடைய பெயரை நான் ஒருநாளும் கேட்கவில்லை.