வாரத்துக்கு வந்த கோழி

அன்று நான் அந்த எண்ணுக்குப் போன் செய்தது சரியா, தவறா? எத்தனையோ முறை எனக்குள் இரண்டு பக்கமும் பேசிப் பார்த்துவிட்டேன். மகளைக் குளிப்பாட்டித் தலை துவட்டும்போது சரி என்றுதான் தோன்றும். துணி காயப்போட மாடிக்குப் போய், நாலு வீடு தள்ளி இருக்கும் அக்காவின் வாசலைப் பார்த்ததும் அது தவறாகிவிடும். துணியை எடுக்கப் போகும்போது மறுபடியும் குழப்பம்.

பேரணாம்பட்டிலிருந்து ஆந்திர எல்லைக்குப் போகிற வழியில் இருக்கிறது எங்கள் ஊர். கணவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருக்கிறார். நானும் முன்பு அப்படி ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை செய்தவள்தான். மகள் பிறந்ததும் விட்டுவிட்டேன். இப்போது அவளுக்கு நாலு வயது. சளி பிடித்தால் மூச்சு இழுக்கும். ஒருமுறை வேலூர் ஆஸ்பத்திரியில் மூக்கில் புகை மருந்து வைத்துப் படுக்கவைத்த பிறகு, அவள் தும்மினாலே என் கை அவள் நெற்றிக்குப் போய்விடுகிறது.

தினமும் முட்டை கொடுக்கச் சொன்னார் டாக்டர். அதைக் கேட்டதும் ஒரு கறுப்புக் கோழியைக் கூடையில் போட்டுக் கொண்டுவந்து தந்தவர் அந்த அக்கா. பீடி சுற்றுகிறவர். நான் அவரை அக்கா என்பேன், என் மகள் காலா என்பாள். அவர்கள் வீட்டு உருதுவில் காலா என்றால் சித்தி, பெரியம்மா. அவர் அவளைப் பேட்டி என்பார், மகளே என்று.

கோழியை அவர் சும்மா தரவில்லை. வாரத்துக்குத் தந்தார். கோழி அவருடையது, தீனியும் காவலும் என் பொறுப்பு. முட்டை என் வீட்டுக்கு. குஞ்சு பொரித்தால் ஆளுக்குப் பாதி. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இப்படி அவருடைய கோழிகள்தான் மேய்ந்தன. இதில் ஒரு முறை உண்டு. கோழி செத்துப்போனால் உடலைச் சொந்தக்காரரிடம் காட்டியாக வேண்டும். காட்டாமல் புதைத்தால், குழம்பு வைத்துத் தின்றுவிட்டுச் செத்துப்போச்சு என்று சொல்வதாகத்தான் அர்த்தம். கீரிப்பிள்ளை இழுத்துக்கொண்டு போனால்கூட நாலு இறகையாவது பொறுக்கிக்கொண்டு போய்க் காட்டுவார்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணையில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தபோது முதலில் எங்களுக்கு அது டி.வி. செய்தியாகத்தான் இருந்தது. பிறகு சோதனைச் சாவடியில் கோழி லாரிகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். மற்ற வண்டிகளின் டயர்களுக்கு மருந்து அடித்தார்கள். கறிக்கடை மூடியது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து, எங்கள் ஊரும் கண்காணிப்புப் பகுதிக்குள் வருகிறது என்று அறிவித்தார்கள். ஊரிலிருந்து ஒரு கோழியும் வெளியே போகக் கூடாது, வெளியிலிருந்து வரவும் கூடாது. செத்த பறவையைத் தொடக் கூடாது, தூக்கிப் போடக் கூடாது, உடனே இந்த எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

மறுநாள் கால்நடை ஆய்வாளர் வீடு வீடாக வந்தார். முகக்கவசம் போட்ட இளைஞர். அக்காவும் இன்னும் சில பெண்களும் என் வாசலில்தான் நின்றிருந்தார்கள். அங்கன்வாடிக்குப் பக்கத்துப் புளியமரத்தில் கொக்குகள் கூடு கட்டியிருக்கின்றன, கீழே எல்லாம் எச்சம், அதில்தான் பிள்ளைகள் நடந்து போகின்றன, கிளையை வெட்டிவிடலாமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் தொடக் கூடாது மேடம். காட்டுப் பறவை. கூட்டைக் கலைச்சா கேஸ் ஆயிடும். வெடி போட்டுத் தொரத்தவும் கூடாது. தொரத்துனா இன்னும் நாலு ஊருக்குப் பறந்து போய்ப் பரப்பும்."

அக்கா சிரித்தார். "கோழிக்கு லாக்டவுனு, கொக்குக்கு லைசென்ஸா சார்?"

ஆய்வாளரும் சிரித்துவிட்டார். "சட்டம் அப்படித்தாம்மா கீது."

நோய் உறுதியானால் என்ன ஆகும் என்று யாரோ கேட்டார்கள். சுற்று வட்டாரத்தில் உள்ள எல்லாப் பறவைகளையும் அழிப்பார்கள் என்றார். உயிரோடு பிடித்து அழிக்கிற கோழிக்கு அரசு இழப்பீடு உண்டு. ஏற்கெனவே செத்ததற்குக் கிடையாது. கோழி எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டுக்காரர் பெயரில் பணம் வரும்.

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. ஆய்வாளர் போன பிறகு என்னிடம் கேட்டார். "உங்க வூட்டுல கீற கோழி என்னுதுன்னு எங்கமா எழுதிக் கீது?"

"நான் குடுத்துருவேன்கா" என்றேன்.

"நீ குடுப்ப" என்று சொல்லிவிட்டுத் தெருவின் மற்ற வீடுகளை ஒரு தடவை பார்த்தார்.

கொஞ்ச நாள் ஒன்றும் நடக்கவில்லை. கணவர் கம்பெனி பஸ் ஏறிப் போன ஒரு காலையில் கூண்டைத் திறந்தபோது கறுப்புக் கோழி விறைத்துக் கிடந்தது. முந்தின நாள் சாயங்காலம்தான் என் மகள் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி ஊட்டிக்கொண்டிருந்தாள். கொண்டை கறுத்திருந்ததுபோல் தோன்றியது. நோயில் கொண்டை கறுக்கும் என்று ஆய்வாளர் சொல்லியிருந்தார். கறுப்புக் கோழிக்குக் கொண்டை எப்போதுமே அந்த நிறம்தானா? தினமும் பார்த்த கோழி. எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

அக்காவுக்குப் போன் செய்தேன்.

"கறுப்பு செத்துடுச்சுக்கா."

"எடுத்துட்டு வா. பாக்கறேன்."

"தொடக் கூடாதுன்னாங்களேக்கா. போட்டோ எடுத்து அனுப்பட்டா?"

"போட்டோல இன்னா தெரியும்? படுக்க வெச்சு எடுத்தா எங்க வூட்டுக்காரருகூடச் செத்த மாதிரிதான் தெரிவாரு. இரு, நானே வர்றேன்."

வந்தவர் ஒரு நொடிகூடத் தயங்காமல் கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கினார். வயிற்று இறகை ஊதி விலக்கிப் பார்த்தார். அவர் விரல்களில் பீடித்தூளின் மஞ்சள் இருந்தது. நான் கைகளில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு எதையும் தொடாமல் நின்றிருந்தேன். அதற்குள் என் மகள் தூக்கத்திலிருந்து எழுந்து வந்துவிட்டாள்.

"காலா, ஏன் என் கோழியத் தலகீழா புடிச்சிருக்கீங்க?"

கேட்டுக்கொண்டே இரண்டு கைகளாலும் அதன் தலையைத் தாங்கிப் பிடித்தாள். நான் போட்ட சத்தத்தில் அவள் பயந்து அழுதாள். தூக்கிக்கொண்டு ஓடி, சோப்பு போட்டுக் கை சிவக்கும்வரை கழுவினேன். திரும்பி வந்தபோது அக்கா கோழியைக் கீழே வைத்திருந்தார்.

"கழிச்சல்மா. பின்னாடி பாரு, வெள்ளையா ஒட்டிக் கீது. வருஷா வருஷம் வர்றதுதான். சுண்ணாம்பு போட்டுப் பொதச்சுட்டு சும்மா இரு."

"செத்தா அந்த நம்பருக்குச் சொல்லச் சொன்னாங்களேக்கா."

"சொன்னா இன்னா ஆவும்? பிளாஸ்டிக் சட்ட போட்டுக்கினு வந்து தெருவயே காலி பண்ணிட்டுப் போவாங்க. பீடி சுத்தற துட்டு எல்லாம் வூட்டுக்குப் போய்டுது. அதுல எனக்குன்னு ஒண்ணும் இல்ல. கோழி ஒண்ணுதான்மா என்னுது."

சரி என்று தலையாட்டினேன். மனதாரத்தான் ஆட்டினேன். இருவருமாகக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தோம்.

மதியம் என் மகளுக்கு உடம்பு சுட்டது. தெர்மாமீட்டர் கொஞ்சம்தான் காட்டியது. உதறிவிட்டு மறுபடி வைத்தேன். அதே அளவு. அழுததால் இருக்கும். வெயிலால் இருக்கும். மூக்கும் ஒழுகியது; ஆனால் அது முந்தின நாளே ஒழுகியதா? கணவரைக் கூப்பிட முடியாது. வேலை நேரத்தில் அவர்களுடைய போன்கள் லாக்கரில் இருக்கும். மகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால் கோழி செத்ததைச் சொல்லத்தான் வேண்டும். சொல்லாமல் விட்டு மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டால்? கம்பெனியில் ஒரு ஜோடியில் குறை தெரிந்தால், அந்த வரிசையில் வருகிற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத்தான் சூப்பர்வைசரைக் கூப்பிடுவோம். நிறுத்தியதற்காக என்னை யாரும் திட்டியதில்லை. அனுப்பிவிட்டதற்காகத் திட்டு வாங்கியவர்கள் உண்டு. அந்தப் பழக்கமும் என்னை உந்தியிருக்கலாம்.

அந்த எண்ணுக்குப் போன் செய்தேன். முதல் தடவை மணி அடித்ததுமே துண்டித்துவிட்டேன். இரண்டாவது தடவை எடுத்துவிட்டார்கள். எத்தனை பறவைகள் இருக்கின்றன என்று கேட்டது ஒரு பெண் குரல். எங்கள் வீட்டிலா, தெருவிலா என்று நான் திருப்பிக் கேட்டேன். "தெருவிலா?" என்றது அந்தக் குரல், கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி.

வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட்டார்கள். உடல் முழுவதும் மூடிய உடை அணிந்தவர்கள் கொல்லையில் தோண்டினார்கள். மாதிரி எடுத்து மூடி முத்திரை வைத்தார்கள். முடிவு வரும்வரை தெருவில் ஒரு கோழியும் கூண்டைவிட்டு வெளியே வரக் கூடாது என்றார்கள். சுகாதாரச் செவிலியர் என் மகளுக்குக் காய்ச்சல் பார்த்துவிட்டு, சளிதான் போலிருக்கிறது, தினமும் வந்து பார்ப்பேன் என்றார். அக்கா தன் வாசலில் பீடி முறத்தை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். கை நிற்கவே இல்லை, சுற்றிக்கொண்டே இருந்தது. நான் அருகில் போய் நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல், என் இடுப்பில் இருந்த மகளைப் பார்த்துச் சொன்னார்.

"பேட்டி, உங்கம்மா நல்லாப் படிச்சவங்க."

மறுநாளே மகளுக்கு உடம்பு குளிர்ந்துவிட்டது. காலையில் இட்லி கேட்டு அடம் பிடித்தாள். வெறும் சளிதான். நான் மட்டும் தெர்மாமீட்டரை விடவில்லை.

கூண்டுகள் மூடியே கிடந்தன. எங்கள் பக்கம் கோழிகள் பகலெல்லாம் திரிந்து, இருட்டினால் மட்டும் அடைய வருகிறவை. கூண்டும் அதற்கேற்ற அளவுதான். நாள் முழுக்க ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரே தண்ணீரில், ஒரே எச்சத்தில் கிடந்தன. முதலில் அக்கா வீட்டில் ஒன்று தலை தொங்கியது. பிறகு எதிர் வீட்டில். ஒவ்வொன்றும் செத்ததும் அக்காவே அந்த எண்ணுக்குப் போன் செய்து சத்தமாகச் சொல்வார். என் காதில் விழ வேண்டும் என்றா, சட்டப்படி நடக்கிறேன் என்று காட்டவா, தெரியவில்லை.

வடக்கேயுள்ள ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தபோது அக்காவின் கோழிகளில் பெரும்பாலானவை போய்விட்டிருந்தன. ஆய்வாளர் சிரித்த முகத்தோடு வந்தார். "நல்ல செய்திம்மா. பறவைக் காய்ச்சல் இல்ல. சாதாரணக் கழிச்சல்தான்."

"நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார் அக்கா. "செத்துப்போனதுக்கு இன்னா தருவீங்க?"

"இந்த நோய்க்கு இழப்பீடு கெடயாதும்மா. பறவைக் காய்ச்சல்னு அழிச்சிருந்தாதான்."

"அந்தச் சீக்கு வந்திருந்தாக் குடுத்திருப்பீங்க."

"ஆமாம்மா."

"வராம போனது எங்க தப்பு" என்றார் அக்கா. ஆய்வாளர் முடிவுத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அடைத்து வைத்ததால்தான் பரவியதா என்று நான் அவரைத் தனியாகக் கேட்டேன். திறந்து விட்டிருந்தாலும் பரவியிருக்கும், சொட்டு மருந்து போடாத கோழிகள் என்றார். எனக்காகச் சொன்னாரோ என்னவோ. அக்காவிடம் அதைச் சொன்னபோது, "திரியற கோழி தப்பிக்க நாலு வழி கீது. அடச்சு வெச்சதுக்கு இன்னா கீது?" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை.

என் கணவர், "அது அந்த நோயாவே இருந்திருந்தா? நீதானே தெருவக் காப்பாத்தினதா ஆயிருக்கும்? உடுடி, இதுக்குப் போய்ப் பேஜாராயிக்கினு" என்கிறார். அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் அந்த நோயாக இல்லையே.

எங்கள் கூண்டில் கறுப்பு பொரித்த குஞ்சுகளில் இரண்டு, இன்னும் முட்டையிடாத விடைக்கோழிகள், தப்பியிருந்தன. இரண்டையும் கொண்டுபோய் அக்காவின் வாசலில் விட்டேன். அவர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். மற்றொன்றைத் தன் மருமகளிடம் கொடுத்து எங்கள் வீட்டுக்கே திருப்பி அனுப்பினார். வாரம் என்றால் பாதி. அதற்கு மேல் என்னிடமிருந்து எதுவும் வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். கட்டுப்பாடுகளை விலக்கிவிட்டார்கள், கறிக்கடை திறந்துவிட்டது. ஆனால் மிஞ்சிய கோழிகளை அக்கா தெருவில் யாருக்கும் வாரத்துக்குத் தரவில்லை. திமிரியில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எதிர் வீட்டுப் பெண் கடையில் முட்டை வாங்கிக்கொண்டு வரும்போது என் வீட்டைப் பார்த்துக்கொண்டே நடக்கிறாள். அல்லது அது என் நினைப்பு.

என் மகளுக்கு மட்டும் எதுவும் மாறவில்லை. சாயங்காலமானால் அக்கா வீட்டுக்கு ஓடிவிடுகிறாள். அவர் அவளுக்குத் தலை பின்னி, ஷீர் குர்மா பாயசம் கொடுத்து, பீடி இலைத் துண்டுகளில் கொக்கு செய்து தருகிறார். நான் போய் வாசலுக்கு வெளியே நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். அவள் வருகிறாள். உள்ளே விளக்கு எரிகிறது, யாரும் என்னை வா என்பதில்லை.

உள்ளே போய்ப் பேசிவிட வேண்டும் என்று தினமும் கிளம்புகிறேன். முதல் சொல்லிலேயே நின்றுவிடுகிறேன். மன்னித்துவிடுங்கள் என்றால், நான் செய்தது தவறு என்று ஆகிவிடும். என் பிள்ளை சுட்ட உடம்போடு மடியில் கிடந்தபோது செய்ததைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தவறில்லை என்று விளக்கப் போனால், அவருடையது என்று இருந்த ஒன்றே ஒன்றும் போனதற்கு அது பதிலாகாது. பணம் கொடுத்தால் இன்னும் மோசமாகிவிடும் என்று தோன்றுகிறது.

இதைப் படிக்கிறவர்களில் ஆடோ கோழியோ வாரத்துக்கு விட்டவர்களும் வாங்கி வளர்த்தவர்களும் இருப்பீர்கள். தவறு செய்யாமலே ஒருவருக்கு நட்டம் உண்டாக்கிவிட்டு, பிறகு அவர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பேசியவர்களும் இருப்பீர்கள். எப்படித் தொடங்கினீர்கள்? எந்தச் சொல்லை முதலில் சொன்னீர்கள்? எனக்கும் சொல்லுங்கள்.